எட்டு மேடுகள், மூன்று கொட்டைகள்... வைக்கிங் கதையைத் திருத்தி எழுதிய கனடா கிராமம்!

வைக்கிங் மாலுமி லீஃப் எரிக்சனைப் பற்றி ஒரு கதை எழுத யாராவது உட்கார்ந்தால், முதல் வேலையாக அவர் தலையில் இருக்கும் கொம்பு வைத்த கவசத்தைக் கழற்றிவிட வேண்டும். வைக்கிங்குகள் கொம்புக் கவசம் அணிந்து போருக்குப் போனதற்கு ஒரு சான்றும் கிடையாது. 1943ல் நார்வேயின் கியெர்முண்ட்பூ என்ற இடத்தில் கிடைத்த வைக்கிங் காலத்துக் கவசம், வட்டமான ஓர் இரும்புத் தொப்பி. கண்களைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போல ஒரு தகடு. அவ்வளவுதான். 1876ல் ஜெர்மனியில் வாக்னரின் இசை நாடகம் மேடையேறியபோது, அதற்கு உடை வடிவமைத்த கலைஞர் மாட்டிவிட்ட கொம்புகள்தான், இன்றைக்குக் கார்ட்டூன் வரைக்கும் வந்து நிற்கின்றன.

சரி, கவசத்தைக் கழற்றியாயிற்று. மிச்சம் இருப்பவர் யார்? அதைத் தெரிந்துகொள்ளப் போகவேண்டிய இடம் நார்வேயோ ஐஸ்லாந்தோ அல்ல. கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்து தீவின் வடக்கு முனையில் இருக்கும் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற சின்ன மீனவக் கிராமம். வட அமெரிக்காவில் வைக்கிங்குகள் தங்கியிருந்தார்கள் என்று சந்தேகத்துக்கு இடமின்றி உறுதியான ஒரே குடியிருப்பு இதுதான்.

ஐந்து மணி நேரச் சாலை

டீர் லேக் என்ற ஊரில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து 430ஆம் எண் நெடுஞ்சாலையில் 400 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போகவேண்டும். சாலைக்கே ‘வைக்கிங் டிரெயில்’ என்றுதான் பெயர். ஆரம்பத்தில் கிரோஸ் மோர்ன் தேசியப் பூங்காவின் மலைகள் கூடவே வரும். பிறகு மலை விலகி, இடது பக்கம் கடல் சேர்ந்துகொள்ளும். வடக்கே போகப் போக மரங்கள் குட்டையாகிக்கொண்டே வரும். தெளிவான நாளில் கடலுக்கு அந்தப் பக்கம் லாப்ரடோர் கரை கோடு போட்டது போலத் தெரியும். அந்திப் பொழுதில் வண்டி ஓட்டுகிறவர்கள் கவனமாக இருக்கவேண்டும். குதிரையைவிட உயரமான மூஸ் மான்கள் திடீரென்று சாலையைக் கடக்கும்.

வரைபடத்தில் பார்த்தால் இந்த ஊர் கிட்டத்தட்ட லண்டன் இருக்கும் அதே அட்சரேகையில்தான் இருக்கிறது. ஆனால், லண்டன் குளிருக்கும் இந்தக் குளிருக்கும் சம்பந்தமே இல்லை. ஆர்க்டிக்கிலிருந்து வரும் லாப்ரடோர் நீரோட்டம் கரையை உரசிக்கொண்டு போகிறது. கோடையின் தொடக்கத்தில்கூடப் பனிப்பாறைகள் கடலில் மிதந்து போவதைக் கரையில் நின்றே பார்க்கலாம்.

ஊரை அடைந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒன்றுமே இல்லாத ஒரு வெளி. புல்தரை, சதுப்பு, நடுவே பிளாக் டக் புரூக் என்ற சிற்றோடை, அதற்கு அப்பால் ஆழமில்லாத விரிகுடா. ஓடைக்கரையில் தரை லேசாகப் புடைத்திருக்கிறது. வரப்பு மாதிரி, புல் மூடிய மேடுகள். தெரியாதவர்கள் மிதித்துக்கொண்டே போய்விடுவார்கள். ஆனால், அவைதான் எட்டுக் கட்டடங்களின் சுவர்கள்!

‘பழைய மேடு ஏதாவது இருக்கா?’

1960ல் நார்வேயைச் சேர்ந்த ஹெல்கே இங்ஸ்டாட் இந்த ஊருக்கு வந்தார். வழக்கறிஞராக இருந்து, அந்தத் தொழிலை விட்டு, வடதுருவப் பக்கம் சுற்றித் திரிந்து புத்தகங்கள் எழுதியவர். அவர் கையில் இருந்த துப்பு இரண்டுதான். ஒன்று, ஐஸ்லாந்தின் பழைய சாகாக் கதைகள். இன்னொன்று, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐஸ்லாந்துக்காரர் ஒருவர் வரைந்த வரைபடத்தின் நகல். அதில் ‘வின்லாந்து முனை’ என்று குறிக்கப்பட்ட நீளமான நிலம், நியூஃபவுண்ட்லாந்தின் வடக்கு முனையைப் போலவே இருந்தது.

கடற்கரை கிராமம் ஒவ்வொன்றிலும் இறங்கி, “இங்கே பழைய சுவர், மேடு ஏதாவது இருக்கிறதா?” என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். லான்ஸ் ஓ மெடோஸில் ஜார்ஜ் டெக்கர் என்ற மீனவர், “இருக்கிறதே!” என்று அழைத்துப்போய்க் காட்டினார். ஊர்க்காரர்கள் அதைப் பழங்குடி மக்களின் பழைய முகாம் என்று நினைத்திருந்தார்கள்.

இந்தக் கதையில் பலரும் அடுத்த பெயரைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். மேட்டைத் தேடி வந்தவர் ஹெல்கே. அது யார் கட்டியது என்று நிரூபித்தவர் அவர் மனைவி ஆன் ஸ்டீன் இங்ஸ்டாட். தொல்லியல் படித்தவர் அவர்தான். 1961 முதல் 1968 வரை கோடைதோறும் அவர் தலைமையில் அகழாய்வு நடந்தது. 1970களில் கனடாவின் தேசியப் பூங்காத் துறை ஆய்வைத் தொடர்ந்தது. 1978ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மண்ணுக்குள் என்ன இருந்தது?

புதையலை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். தங்கம் இல்லை. வாள் இல்லை. போரில் இறந்தவனின் கல்லறையும் இல்லை. கிடைத்தவை எல்லாம் வீட்டுச் சாமான்கள்.

மேலங்கியைத் தோளில் சேர்த்துக் குத்தும், வளையம் வைத்த ஒரு வெண்கல ஊசி. எலும்பில் செய்த ஒரு தையல் ஊசி. ஒரு சின்னச் சாணைக்கல். படகுப் பலகைகளை இணைக்கும் இரும்பு ஆணிகள். மாக்கல்லில் செய்த ஒரு வட்டு. நம் வீடுகளில் கல்சட்டி செய்கிற அதே மாக்கல்தான். தக்களியில் கம்பளி நூல் நூற்கும்போது, அது நின்று சுழல வேண்டும் என்பதற்காகக் கீழே மாட்டுகிற வட்டு அது.

உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்த வட்டு, பெரிய செய்தி ஒன்றைச் சொன்னது. வைக்கிங்குகளிடையே நூல் நூற்பது பெண்களின் வேலை. ஆக, இந்தக் கரைக்கு வந்தது ஆண்கள் மட்டும் நிறைந்த போர்க்கூட்டம் அல்ல, பெண்களும் வந்திருந்தார்கள். சாகாக்களும் அதைத்தான் சொல்கின்றன.

எட்டுக் கட்டடங்களில் மூன்று பெரிய கூடங்கள். மற்றவை சிறு குடில்கள், பட்டறைகள். புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, மரச்சட்டத்தின் மேல் அதே மண்கட்டியால் கூரை போட்டிருக்கிறார்கள். கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் இதே முறைதான். ஓடைக்கு அந்தப் பக்கம், தள்ளி, கொல்லன் உலை. நெருப்பு வேலை என்பதால் வீடுகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். சதுப்பில் படிகிற இரும்புத் தாதை எடுத்து உருக்கியிருக்கிறார்கள். புதிய உலகத்தில் இரும்பு உருக்கியதற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று அந்த உலைதான். அதில் கிடைத்த இரும்பு சில கிலோதான் இருக்கும். வாள் அடிக்க அல்ல, பழுதான படகுக்கு ஆணி அடிக்க.

மொத்தத்தில், இது போர்க்களம் அல்ல. ஒரு படகுப் பட்டறை. குளிர்காலத்தைக் கழிக்கவும், படகைச் சரிசெய்யவும், மேலே பயணம் போகவும் கட்டிய முகாம். எழுபது முதல் தொண்ணூறு பேர் வரை தங்கும் அளவுக்கு இடம் இருந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மாட்டுத் தொழுவம் இல்லாததாலும், கல்லறை இல்லாததாலும், நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்தில் அவர்கள் நீண்டகாலம் இருக்கவில்லை என்பது புரிகிறது.

மூன்று கொட்டைகள் சொன்ன சாட்சி

‘வின்லாந்து’ என்ற பெயரில்தான் பெரிய சிக்கல் இருந்தது. திராட்சை விளையும் நாடு என்று சாகா சொல்கிறது. நியூஃபவுண்ட்லாந்தில் காட்டுத் திராட்சை விளையாது. அப்படியானால் கதை பொய்யா, இல்லை இடம் தப்பா?

பதில் சதுப்பிலிருந்து வந்தது. வைக்கிங் காலத்து மண் அடுக்கில் மூன்று பட்டர்நட் கொட்டைகள் கிடைத்தன. வால்நட்டின் உறவுக்கார மரம் அது. இந்தத் தீவில் அது வளர்வதே இல்லை. தெற்கே, கடல் தாண்டி, கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதிக்குப் போனால்தான் கிடைக்கும். காட்டுத் திராட்சை விளைவதும் அதே பகுதியில்தான். இரண்டும் பழுப்பது ஏறக்குறைய ஒரே பருவத்தில். யாரோ அவ்வளவு தூரம் தெற்கே படகில் போய்விட்டு, கொட்டைகளோடு திரும்பி வந்திருக்கிறார்கள். லான்ஸ் ஓ மெடோஸ் வாசல். வின்லாந்தின் திராட்சைத் தோட்டம் அதற்கும் தெற்கே. பல ஆண்டுகள் இந்த இடத்தை ஆராய்ந்த பிர்கிட்டா வாலஸ் முன்வைத்த விளக்கம் இது.

சாகா என்ன சொல்கிறது?

லீஃபின் கதை நமக்குக் கிடைப்பது இரண்டு சாகாக்களில். ஒன்று கிரீன்லாந்துக்காரர்களின் சாகா. மற்றது எரிக்கின் சாகா. வாய்வழியாக வந்த கதைகள் இவை. நடந்ததற்கு 200 ஆண்டுகளுக்குப் பிறகுதான் எழுத்துக்கு வந்தன. முதல் சாகா, ஐஸ்லாந்தில் 113 கன்றுகளின் தோலில் எழுதப்பட்ட ஃபிளாட்டேயார்போக் என்ற பெரிய ஏட்டில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு சாகாவில், ப்யார்னி என்ற வணிகர் பனிமூட்டத்தில் திசை தப்பிப் போய்ப் புதிய கரையைப் பார்க்கிறார். ஆனால், இறங்காமலேயே திரும்பிவிடுகிறார். அவருடைய கப்பலை லீஃப் விலைக்கு வாங்கி, 35 பேரோடு புறப்படுகிறார். கூட வரவேண்டிய அப்பா எரிக், கப்பலுக்குப் போகும் வழியில் குதிரையிலிருந்து விழுந்து, “எனக்கு இனி பயணம் வேண்டாம்” என்று வீடு திரும்பிவிடுகிறார். இன்னொரு சாகாவிலோ, நார்வேயிலிருந்து கிரீன்லாந்துக்குத் திரும்பும் வழியில் காற்று அடித்துக்கொண்டுபோய் லீஃபைப் புதிய கரையில் சேர்க்கிறது. ஒன்றில் திட்டமிட்டுத் தேடிப்போன நாயகன். மற்றதில் வழி தவறிய மாலுமி.

எதை நம்பிக் கதை எழுதுவது? இங்கேதான் 2021ஆம் ஆண்டு முக்கியமாகிறது. அந்த ஆண்டு அக்டோபரில் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு ‘நேச்சர்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. லான்ஸ் ஓ மெடோஸில் கிடைத்த மூன்று மரத்துண்டுகள் இரும்புக் கருவியால் வெட்டப்பட்டவை. அந்தப் பகுதியின் பூர்வகுடி மக்கள் அப்படிப்பட்ட கருவிகளைப் பயன்படுத்தவில்லை. எப்போது வெட்டினார்கள் என்பதைச் சொல்லிக்கொடுத்தது விண்வெளி. கி.பி. 993ல் விண்ணிலிருந்து வந்த கதிர்வீச்சு திடீரென்று அதிகரித்து, உலகெங்கும் அப்போது வளர்ந்துகொண்டிருந்த மரங்களின் ஆண்டு வளையத்தில் ஓர் அடையாளத்தை விட்டுப் போனது. அந்த வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மரப்பட்டை வரை எண்ணினார்கள். மூன்று துண்டுகளிலும் 28 வளையங்கள். ஆக, மரம் வெட்டப்பட்ட ஆண்டு 1021!

கொலம்பஸ் கிளம்பியது 1492ல். அதற்கு 471 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஐரோப்பியரின் கோடரிச் சத்தம் கேட்டிருக்கிறது.

ஆனால், லீஃப் ரசிகர்களுக்கு இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அவருடைய பயணம் கி.பி. 1000ஐ ஒட்டி நடந்ததாகத்தான் சாகாக்களை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 1021ல் அந்தக் கோடரியைப் பிடித்திருந்த கை, பெரும்பாலும் சாகாவில் பெயர் வராத யாரோ ஒரு தச்சனுடையது. லீஃப் என்ற பெயர் இந்த மண்ணில் எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை.

வரைபடம் பொய், வட்டு நிஜம்

அதே 2021 செப்டம்பரில் இன்னொரு செய்தியும் வந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ‘வின்லாந்து வரைபடம்’ என்று ஒன்று இருக்கிறது. கொலம்பஸுக்கு முன்பே அமெரிக்கக் கரையைக் காட்டும் வரைபடம் என்று 1965ல் உலகமெங்கும் பேசப்பட்டது. அதன் கோடுகளில் இருக்கும் டைட்டானியம் கலந்த மை, 1920களில்தான் புழக்கத்துக்கு வந்தது என்பதைக் காட்டி, அது போலி என்று யேல் பல்கலைக்கழகமே அறிவித்துவிட்டது.

யாரோ போலியாக உருவாக்கிய வரைபடம் அழகாக இருந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தது. மண்ணிலிருந்து வந்த சாட்சிகளோ மூன்று கொட்டை, ஒரு வட்டு, வெட்டுப்பட்ட மரத்துண்டு. நின்றது இவைதான். வரலாற்றுக் கதை எழுத வருகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

குட்ரிட் போன தூரம்

சாகாவில் லீஃபைவிட நீளமாகப் பயணம் போன ஒருவர் இருக்கிறார். லீஃபின் தம்பி மனைவியாக இருந்து, கணவர் இறந்த பிறகு தோர்ஃபின் கார்ல்செஃப்னி என்ற வணிகரை மணந்த குட்ரிட். இருவரும் பெரிய கூட்டத்தோடு வின்லாந்துக்கு வந்தார்கள். அங்கே அவர்களுக்கு ஸ்னோரி என்ற மகன் பிறந்தான். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்ததாகக் குறிப்பிடப்படும் முதல் ஐரோப்பியக் குழந்தை அவன். பிறகு ஐஸ்லாந்து திரும்பிய குட்ரிட், வயதான காலத்தில் ரோமாபுரிக்கு யாத்திரை போய் வந்து, துறவியாக வாழ்ந்து மறைந்தார் என்கிறது சாகா. வின்லாந்திலிருந்து ரோம் வரை! அந்த மாக்கல் வட்டு யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால், கதை எழுதுகிறவர் அதைச் சுழற்றும் ஒரு பெண்ணை அந்தக் கூடத்தில் உட்கார வைத்தால், வரலாறு அதை மறுக்காது.

போகிறவர்களுக்கு...

இங்கே பார்வையாளர்களை ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரைதான் அனுமதிக்கிறார்கள். அசல் மேடுகளுக்குப் பக்கத்திலேயே, அதே முறையில் மண்கட்டிக் கூடங்களைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் புகை வாசனை. நடுவே அடுப்பு, இரண்டு பக்கமும் படுத்துக்கொள்ள மரத்திண்ணை. வைக்கிங் உடையில் இருக்கும் ஊழியர்கள் நூல் நூற்றும் இரும்படித்தும் காட்டுவார்கள். அருகிலுள்ள நோர்ஸ்டெட் என்ற மாதிரிக் கிராமத்தில் ‘ஸ்னோரி’ என்ற மரக்கப்பல் நிற்கிறது. பழைய முறையில் கட்டப்பட்ட அந்தக் கப்பலில், 1998ல் ஒரு குழு கிரீன்லாந்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தது.

தங்குவதற்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செயின்ட் ஆன்டனி நகரம் வசதி. கோடையிலும் ஸ்வெட்டர் கட்டாயம். சதுப்பில் விளையும் ‘பேக்ஆப்பிள்’ என்ற மஞ்சள் நிறப் பழத்தின் ஜாம் இந்த ஊர் ஸ்பெஷல். ஊருக்கு போன் செய்பவர்களுக்கு ஒரு தகவல்: நம்மைப் போலவே நியூஃபவுண்ட்லாந்துக்கும் அரை மணிக் கணக்கில் நேரம். கோடையில் நம்மைவிடச் சரியாக எட்டு மணி நேரம் பின்னால்.

ஒன்பதாவது மனிதன்

மேடுகளுக்குப் போகும் பாதையில் ‘இரு உலகங்களின் சந்திப்பு’ என்ற வெண்கலச் சிற்பம் இருக்கிறது. கடல் தாண்டி வந்தவர்களும், ஏற்கெனவே இங்கே இருந்தவர்களும் சந்தித்ததன் நினைவு. பெயர் அழகாகத்தான் இருக்கிறது. முதல் சந்திப்பு அப்படி நடக்கவில்லை.

கிரீன்லாந்துக்காரர்களின் சாகா இதை மறைக்காமல் சொல்கிறது. லீஃபின் தம்பி தோர்வால்ட் கரையோரமாகப் போகும்போது, கவிழ்த்துப் போட்ட மூன்று தோல் படகுகளைப் பார்க்கிறார். ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று பேர். ஒன்பது பேரில் எட்டுப் பேரைப் பிடித்துக் கொன்றுவிடுகிறார்கள். ஏன் என்று சாகா ஒரு காரணமும் சொல்லவில்லை. அந்த எட்டுப் பேர் எந்தச் சண்டையும் போடவில்லை. தப்பிய ஒருவர் படகில் போகிறார். பிறகு ஏராளமான படகுகள் வருகின்றன. அந்தச் சண்டையில் அம்பு பட்டு தோர்வால்ட் சாகிறார்.

இந்த இடத்தில் வைக்கிங்குகள் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கியிருந்ததற்கு, அதே மண்ணில் சான்றுகள் கிடைத்திருக்கின்றன. வைக்கிங்குகள் போன பிறகும் மக்கள் இங்கே வந்து போய்க்கொண்டிருந்தார்கள். லாப்ரடோரில் இன்னு மக்களின் முன்னோர். நியூஃபவுண்ட்லாந்தில் பியோத்துக் மக்களின் முன்னோர். பல நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பியர்கள் மீண்டும் வந்து தங்கியபோது, பியோத்துக் மக்கள் கடற்கரையை இழந்தார்கள். பட்டினியும் நோயும் வன்முறையும் அவர்களை அழித்தன. அந்த மக்களில் கடைசியாக அறியப்பட்ட ஷானாடிதிட் என்ற பெண் 1829ல் காசநோயால் இறந்தார். தன் மக்களின் வாழ்க்கையை அவர் வரைந்து வைத்த ஓவியங்கள்தான் இன்று அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள உதவுகின்றன.

ஆகவே, ‘அமெரிக்காவை முதலில் கண்டுபிடித்தது கொலம்பஸா, லீஃபா’ என்று தொடங்குகிற கதை, முதல் வரியிலேயே தப்பாகிவிடுகிறது. அவர்கள் வந்தபோது கரையில் ஆட்கள் இருந்தார்கள்.

லீஃபுக்கு ஐஸ்லாந்தின் தலைநகரில் சிலை இருக்கிறது. அமெரிக்காவில் அக்டோபர் 9ஆம் தேதி அவர் பெயரில் கொண்டாடப்படுகிறது. அவரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எட்டுப் பேரைப் பறிகொடுத்துவிட்டு, தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பிய அந்த ஒன்பதாவது மனிதர் தன் வீட்டில் என்ன சொன்னார்? சாகா அவர் பின்னால் போகவில்லை. வரலாற்றுக்கு நேர்மையாக ஒரு வைக்கிங் கதையை எழுத நினைப்பவர், அவர் பின்னாலும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்க வேண்டும்.